சிரிஞ்சுக்குள் உறைந்த ரத்தம்: கான்ட்ராஸ்ட் மருந்தும் தட்டணுக்களும்

1987ல் 'ரேடியாலஜி' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் ராபர்ட்சன். ஆஞ்சியோகிராம் செய்யும்போது அயனியல்லாத (தண்ணீரில் உப்பாகப் பிரியாத) கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது 'டை', நிரப்பிய சிரிஞ்சுகளுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிறது என்பதுதான் செய்தி. சிரிஞ்சில் கட்டி இருந்தால் என்ன, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சிரிஞ்சின் மறுமுனை கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக இதயத் தமனியின் வாயிலோ கழுத்துத் தமனியிலோ நிற்கிறது. மிகச் சிறிய கட்டி ஒன்று அந்த வழியே தள்ளப்பட்டாலும் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம்.

அந்தக் குறிப்புக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கதிரியக்க மருத்துவர்களும் இதய மருத்துவர்களும் ரத்த ஆய்வாளர்களும் இதைப் பற்றி வாதிட்டார்கள். மருந்து கம்பெனிகளுக்கும் இதில் பெரிய அக்கறை இருந்தது. யாருடைய மருந்து விற்கும் என்பது பதிலைப் பொறுத்தது அல்லவா. சோதனைக் குழாயில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒரு பதில் சொல்லின, நோயாளிகள் வேறு பதில் சொன்னார்கள். இரண்டுமே பொய்யில்லை. அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

நம்மூர் நோயாளிகள் 'டை' என்று சொல்வதும் டாக்டர்கள் கான்ட்ராஸ்ட் என்று சொல்வதும் ஒன்றுதான். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தனியாகத் தெரியாது. அயோடின் எக்ஸ்ரேயைத் தடுக்கும் என்பதால், அயோடின் சேர்ந்த திரவத்தைக் குழாய்க்குள் செலுத்திப் படம் எடுக்கிறார்கள்.

வலி குறைந்த மருந்து வந்த கதை

1950களில் இருந்து முப்பது ஆண்டுகள் கோலோச்சியவை டையாட்ரிசோயேட் போன்ற அயனி வகை மருந்துகள். இவை உப்புகள். ஒரு மூலக்கூறில் மூன்று அயோடின் அணுக்கள் இருக்கும், ஆனால் தண்ணீரில் கரைந்ததும் அது இரண்டு துகளாகப் பிரிந்துவிடும். போதிய அயோடின் வேண்டும் என்றால் ஏகப்பட்ட துகள்களைக் கரைக்க வேண்டும். விளைவாக, கரைசலின் சவ்வூடு அழுத்தம் (கரைந்த துகள்கள் கூடக் கூட ஏறும் அளவு) ரத்தத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை போய்விடும். ரத்தத்தில் இது கிலோவுக்கு ஏறக்குறைய 290 மில்லி ஆஸ்மால். பழைய மருந்துகளில் 1500ல் தொடங்கி 2000ஐத் தாண்டும். கால் தமனியில் இதைச் செலுத்தினால் நோயாளி வலியில் துடித்துவிடுவார்.

ஸ்வீடனின் மால்மோவில் இருந்த தோர்ஸ்டன் அல்மேன் என்ற கதிரியக்க மருத்துவருக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடல் நீரில் கண்ணைத் திறந்தால் எரிகிறது, உப்புக் குறைந்த பால்டிக் நீரில் அவ்வளவு எரிவதில்லை என்ற சொந்த அனுபவத்திலிருந்து அவர் யோசிக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். உப்பாகப் பிரியாத மூலக்கூறு கிடைத்தால் துகள்களின் எண்ணிக்கை பாதியாகும், எரிச்சலும் குறையும். இதை அவர் கட்டுரையாக எழுதியபோது கதிரியக்க இதழ்களில் இடம் கிடைக்கவில்லை. 1969ல் கோட்பாட்டு உயிரியல் இதழ் ஒன்றில்தான் அது வெளியானது. ஓஸ்லோவின் நைகார்ட் கம்பெனி அந்த யோசனையைக் கையில் எடுத்தது. முதலில் மெட்ரிசமைடு வந்தது, 1982ல் ஐயோஹெக்சால். இத்தாலியின் பிராக்கோ கம்பெனி ஐயோபமிடால் கொண்டுவந்தது. 350 அளவு (மில்லிக்கு 350 மில்லிகிராம் அயோடின்) ஐயோஹெக்சாலின் சவ்வூடு அழுத்தம் 844. ரத்தத்தை விட இன்னும் அதிகம்தான், ஆனாலும் பழையதில் ஏறக்குறைய பாதிதான்.

இதற்கு நடுவில் பிரான்சின் கெர்பே கம்பெனி வேறு வழியில் போனது. இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைத்து, அயனி வகையாகவே வைத்துக்கொண்டு, ஆறு அயோடின் அணுக்களுக்கு இரண்டு துகள் என்ற கணக்கைக் கொண்டுவந்தது. அதுதான் ஐயோக்சாக்லேட், கடையில் ஹெக்சாபிரிக்ஸ். அழுத்தம் சுமார் 600. பின்னாளில் வந்த விவாதம் முழுக்க இந்த மருந்தைச் சுற்றியே நடந்தது என்பதால் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய மருந்துகளின் பாதுகாப்பு பற்றிச் சந்தேகம் இருந்தவர்களுக்கு 1990ல் ஜப்பானிலிருந்து பதில் வந்தது. கதயாமா தலைமையில் 3,37,647 ஊசிகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். அயனி வகையில் 12.66 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவு, அயனியல்லாததில் 3.13 சதவீதம். கடுமையான பக்கவிளைவு 0.22க்கு எதிராக 0.04. நரம்பு வழியாக ஏற்றும் வேலைக்கு இதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை, விலை பல மடங்கு அதிகம் என்ற ஒன்றைத் தவிர. தமனிக்குள் கதீட்டரை விட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் ராபர்ட்சன் எழுப்பிய கேள்வி அப்படியே நின்றது.

சிரிஞ்சுக்குள் என்ன நடக்கிறது

ஆஞ்சியோகிராம் மேசையில் ஒரு சிரிஞ்சைக் கிட்டத்தில் பார்ப்போம். கதீட்டரில் இணைத்ததும் மருத்துவர் உடனே மருந்தைத் தள்ளுவதில்லை. காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்க்க முதலில் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார். ஓரிரு மில்லி ரத்தம் உள்ளே வரும். கான்ட்ராஸ்ட் ரத்தத்தை விடக் கனமானது. ரத்தத்தின் அடர்த்தி சுமார் 1.06 என்றால் 350 அளவு ஐயோஹெக்சாலுக்கு 1.4. ஆகவே ரத்தம் கலக்காமல் மேலே மிதக்கும். கண்ணாடி போலத் தெளிந்த மருந்தும் அதன் மேல் ஒரு சிவப்பு அடுக்கும் தெரியும். சிரிஞ்சு சாய்வாகப் பிடிக்கப்பட்டிருந்தால் அந்த அடுக்கு சுவரோடு ஒட்டி நிற்கும். எளிதாக முடியும் கேஸ் என்றால் அடுத்த நொடியே எல்லாம் உள்ளே போய்விடும். கதீட்டர் சரியாக உட்காராமல் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் தடுமாறினால் அந்த ரத்தம் அங்கேயே நிற்கும்.

அப்போது பல சிரிஞ்சுகள் கண்ணாடியில் செய்தவை. கண்ணாடிப் பரப்பு பட்டால் ரத்தத்தின் பன்னிரண்டாம் உறைவுக் காரணி விழித்துக்கொள்ளும். அதிலிருந்து சங்கிலித் தொடராக த்ராம்பின் என்ற நொதி உருவாகும். த்ராம்பின் உருவானால் இரண்டு வேலை நடக்கும்: ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜென் என்ற புரதம் ஃபைப்ரின் நாராக மாறும், தட்டணுக்கள் தூண்டப்படும். நிற்கும் ரத்தம் கண்ணாடியில் உறைவது புதிதல்ல. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயையே பயன்படுத்திய காலமும் உண்டு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதே கண்ணாடிச் சிரிஞ்சு, அதே தாமதம், அதே ரத்தம். ஆனால் பழைய அயனி மருந்து இருந்த காலத்தில் கட்டி யார் கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் அயனி வகைக் கான்ட்ராஸ்ட் உறைதலை நன்றாகத் தடுக்கும். த்ராம்பின் உருவாவதையும் ஃபைப்ரின் நார்கள் ஒன்றோடொன்று கோர்ப்பதையும் குறுக்கே நின்று கெடுக்கும். அயனியல்லாத மருந்தும் இதைச் செய்யும், ஆனால் குறைவாக. வெறும் உப்புநீரில் நிற்கும் ரத்தத்தை விட ஐயோஹெக்சாலில் நிற்கும் ரத்தம் தாமதமாகத்தான் உறையும். ஆகவே, புதிய மருந்து ரத்தத்தை உறைய வைக்கிறது என்று முதலில் பரவிய பேச்சு பாதி தவறு. பழைய மருந்து முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்காமலே, உறைதலைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின் வேலையில் கொஞ்சத்தைச் செய்துகொண்டிருந்தது. அது போன பிறகுதான் அப்படி ஒரு உதவி இருந்ததே தெரிந்தது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. அயனியல்லாத மருந்தில் சிவப்பணுக்கள் கட்டுக்கட்டாகச் சேரும் என்று பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அப்படிச் சேர்ந்த குவியல் வெளியிலிருந்து பார்க்க ரத்தக்கட்டி போலவே இருக்கும். ஆனால் அதில் ஃபைப்ரின் இருக்காது, குலுக்கினால் கலைந்துவிடும். 'கட்டி' என்று சொல்லப்பட்டவற்றில் எத்தனை உண்மையான கட்டி, எத்தனை இந்த வகைக் குவியல் என்று பிரித்துப் பார்க்காமலே சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தட்டணுக்களைத் தனியாகப் பிடித்தபோது

தட்டணு என்றதும் நமக்கு டெங்கு ஞாபகம் வரும். 'பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?' என்று தமிழ்நாட்டில் கேட்காத வீடு இருக்காது. அங்கே கேள்வி எண்ணிக்கை பற்றியது. இங்கே எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஒவ்வொரு தட்டணுவும் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஓய்வில் இருக்கும் தட்டணு வழவழப்பான வட்டத் தட்டு. உள்ளே ஆல்ஃபா துகள்கள், அடர் துகள்கள் என்று சிறு பைகள். தூண்டப்பட்டால் தட்டணு உருவம் மாறி முள்முள்ளாக நீளும், பைகள் மேற்பரப்போடு சேர்ந்து உடைந்து சரக்கை வெளியே கொட்டும். அப்போது ஆல்ஃபா துகளின் சுவரில் இருந்த பி-செலக்டின் என்ற புரதம் தட்டணுவின் வெளிப்பரப்பில் தோன்றும். மேற்பரப்பில் உள்ள ஜிபி 2பி/3ஏ ஏற்பிகள் திறந்துகொண்டு ஃபைப்ரினோஜெனைப் பிடிக்கும். ஒரு ஃபைப்ரினோஜெனின் இரு முனைகளை இரு தட்டணுக்கள் பிடித்தால் திரள் தொடங்கிவிட்டது.

1970களில் செய்த சோதனைகள் பழைய முறையில் நடந்தவை. ரத்தத்தைச் சுழற்றித் தட்டணு நிறைந்த பிளாஸ்மாவைப் பிரித்து, கான்ட்ராஸ்ட் சேர்த்து, ஏதாவது ஒரு தூண்டியைப் போட்டு, தட்டணுக்கள் எவ்வளவு திரள்கின்றன என்று ஒளி ஊடுருவலை வைத்து அளப்பார்கள். கான்ட்ராஸ்ட் திரள்தலைக் குறைக்கிறது என்பதே அப்போது பொதுவாகக் கிடைத்த முடிவு. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

1993ல் 'சர்க்குலேஷன்' இதழில் வந்த ஒரு கட்டுரை அந்த நிம்மதியைக் கெடுத்தது. நிக்கலஸ் கிரோனோஸ், அலிசன் குடால், உல்ரிச் சிக்வார்ட் உள்ளிட்ட குழு. இவர்கள் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற முறையைக் கையாண்டார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல், முழு ரத்தமாகவே வைத்து, பி-செலக்டினோடு ஒட்டும் ஒளிரும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, ஒவ்வொரு அணுவாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணும் முறை. ஒளிர்ந்தால் அந்தத் தட்டணு சரக்கைக் கொட்டிவிட்டது என்று பொருள். ஐயோஹெக்சால் போன்ற அயனியல்லாத மருந்தில் தட்டணுக்கள் பெருமளவில் துகள்களைக் கொட்டியிருந்தன. ஐயோக்சாக்லேட்டில் அப்படி நடக்கவில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே 'ஆழ்ந்த' துகள் வெளியேற்றம் என்ற கருத்தை வைத்திருந்தார்கள்.

பழைய சோதனை ஏன் இதைத் தவறவிட்டது? திரள்தல் என்பது கடைசிப் படி. தட்டணு சரக்கைக் கொட்டிவிட்டாலும், சுற்றியுள்ள திரவம் ஃபைப்ரினோஜென் பிணைவதைத் தடுத்தால் திரள் உருவாகாது. அளவி சும்மா இருக்கும். தட்டணுவோ ஏற்கனவே தூண்டப்பட்டு நிற்கும். ரத்தத்தைச் சுழற்றுவதே தட்டணுவைத் தொந்தரவு செய்யும் என்பது வேறு விஷயம்.

காரணம் சவ்வூடு அழுத்தம் மட்டும்தானா என்றால் இல்லை. அப்படி இருந்தால் அழுத்தம் மிக அதிகமான பழைய அயனி மருந்துதான் தட்டணுக்களை மிக மோசமாகத் தூண்டியிருக்க வேண்டும். மூலக்கூறின் வேதித்தன்மைக்கும் இதில் பங்கு உண்டு. அயனி மருந்துகள் கால்சியத்தைப் பிணைக்கும். தட்டணுத் தூண்டலும் உறைதலின் பல படிகளும் கால்சியம் இல்லாமல் நடக்காது. ஆனால் கால்சியத்தைப் பிணைப்பதற்கு விலையும் உண்டு. கால்சியத்தைப் பிடிக்கும் சிட்ரேட்டும் இடிடிஏவும் சேர்த்துத் தயாரித்த சில பழைய மருந்துகள் இதயத் தமனியில் செலுத்தும்போது கீழறைத் துடிதுடிப்பை (இதயத்தின் கீழறை ஒழுங்கின்றித் துடிப்பதை) அதிகம் உண்டாக்கின. உறைதலைத் தடுத்த அதே குணம் இதயத் தசையைக் குழப்பியது.

இங்கே ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். சோதனைக் குழாயில் ரத்தமும் மருந்தும் சரிபாதியாகவோ அதற்குப் பக்கத்திலோ கலந்து நிமிடக்கணக்கில் நிற்கின்றன. இடது இதயத் தமனியில் ஒருமுறை செலுத்துவது ஏழெட்டு மில்லி; சில இதயத்துடிப்புகளுக்குள் அது கழுவப்பட்டுப் போய்விடும். சி.டி. ஸ்கேனில் 100 மில்லி நரம்பில் ஏற்றினாலும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் அது இரண்டு சதவீதம்தான். ஆகவே குழாய்ச் சோதனையின் முடிவு பொருந்தக்கூடிய இடங்கள் மூன்றே: சிரிஞ்சு, கதீட்டர், பிறகு பலூனை ஊதி அடைத்து வைத்திருக்கும் தமனி. மூன்றாவதுதான் கவலைக்குரியது. அங்கே மருந்து தேங்கும், தமனியின் உள்சுவர் கிழிந்திருக்கும், தட்டணுக்கள் ஏற்கனவே கூடிக்கொண்டிருக்கும்.

நோயாளிகளிடம் கேட்டபோது

சாதாரண ஆஞ்சியோகிராம் பற்றி 1990லேயே ஒரு பதில் இருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் அயனியல்லாத மருந்து கொடுக்கப்பட்ட 8,517 பேரைப் பார்த்ததில் ரத்தக்கட்டியால் வந்த சிக்கல் மிகக் குறைவு. படம் எடுப்பதற்கு மட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை. கேள்வி ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை, பற்றியது.

1996ல் சிண்டி கிரைன்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு அயனிப் பக்கத்துக்குப் பெரிய பலம் சேர்த்தது. மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்து பலூன் சிகிச்சைக்கு வந்த 211 பேரை ஐயோக்சாக்லேட், ஐயோஹெக்சால் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிகிச்சையின்போது தமனியில் ஓட்டம் குறைந்தவர்கள் அயனி வகையில் 8.1 சதவீதம், மற்றதில் 17.8. மறுபடி நெஞ்சுவலி வந்து மேசைக்குத் திரும்ப வேண்டி வந்தவர்கள் 3.0க்கு எதிராக 11.4. கிரோனோஸ் குழாயில் பார்த்தது நோயாளியிடமும் தெரிந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள். நானாக இருந்தாலும் அப்போது அப்படித்தான் நினைத்திருப்பேன். 211 என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் உயிரியலும் மருத்துவமும் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகப்பட மனம் வராது.

1999ல் ஜெர்மனியிலிருந்து ஷ்ராடர் குழு 2,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ஐயோக்சாக்லேட்டுக்கு எதிராக ஐயோமெப்ரால் என்ற அயனியல்லாத மருந்து. சிகிச்சைக்குப் பின் தமனி திடீரென அடைத்துக்கொள்வதில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

அடுத்த ஆண்டே வந்த 'கோர்ட்' ஆய்வு தலைகீழாகத் திரும்பியது. அபாயம் அதிகமுள்ள 856 பேர். இங்கே ஐயோக்சாக்லேட்டோடு மோதியது ஐயோடிக்சனால், அதாவது அயனியல்லாத இரட்டை மூலக்கூறு. சவ்வூடு அழுத்தம் ரத்தத்துக்குச் சமமான 290. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வந்த பெரிய இதயச் சிக்கல்கள் ஐயோடிக்சனாலில் 5.4 சதவீதம், ஐயோக்சாக்லேட்டில் 9.5. அயனியல்லாத மருந்து ஜெயித்தது! அதே ஆண்டில் பெர்ட்ராண்ட் தலைமையிலான 'விக்' ஆய்வு அதே இரண்டு மருந்துகளை 1,411 பேரிடம் ஒப்பிட்டபோது 4.7, 3.9 என்று கிட்டத்தட்ட சமம். அந்த வித்தியாசத்துக்குப் புள்ளியியல் மதிப்பு இல்லை. ஒவ்வாமை மட்டும் ஐயோக்சாக்லேட்டில் கூடுதல், 0.7க்கு எதிராக 2.5 சதவீதம்.

நான்கு ஆய்வு, மூன்று விதமான முடிவு. எதை நம்புவது? என் பார்வையில் இரண்டு விஷயங்கள் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன. ஒன்று, 'அயனியல்லாதது' என்று ஒரே பெட்டியில் போட்டது. ஐயோஹெக்சாலும் ஐயோடிக்சனாலும் ஒரே குடும்பம் என்றாலும் தட்டணுக்களைப் பொறுத்தவரை ஒன்றல்ல. கிரைன்ஸ் ஆய்வில் தோற்றது ஒன்று, கோர்ட்டில் ஜெயித்தது வேறொன்று.

இரண்டாவது இன்னும் முக்கியம்: தட்டணுக்களுக்கு எதிரான மருந்துகள் இடையில் மாறிவிட்டன. 1977ல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருயென்ட்ஸிக் முதல் பலூனை ஊதியதிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஆஸ்பிரினும் ஹெப்பாரினும்தான் துணை. 1994 இறுதியில் அப்சிக்சிமாப் வந்தது. அது ஜிபி 2பி/3ஏ ஏற்பியையே மூடிவிடும். ஸ்டென்ட் பரவியதும் ஆஸ்பிரினோடு டிக்ளோபிடின், பிறகு குளோபிடோக்ரெல் என்று இரட்டை மருந்து வழக்கமானது. தட்டணு சரக்கைக் கொட்டினாலும் கொட்டிய ஏடிபி (மற்ற தட்டணுக்களைத் தூண்டும் பொருள்) வேலை செய்யும் ஏற்பி அடைபட்டிருக்கிறது. ஃபைப்ரினோஜெனைப் பிடிக்கும் கையும் கட்டப்பட்டிருக்கிறது. கான்ட்ராஸ்ட் செய்யும் சிறு தூண்டல் அங்கே எங்கே எடுபடும்? கிழிந்த சுவர் நெகிழ்ந்து மடங்காமல் ஸ்டென்ட் தாங்கிப் பிடித்ததும் ஓட்டம் தேங்கும் வாய்ப்பும் குறைந்தது. கிரோனோஸ் கண்டது பொய்யாகவில்லை. அது பாதிக்கக்கூடிய நோயாளிதான் மாறிவிட்டார்.

மேசையில் மாறியவை

இந்த விவகாரம் மருந்துத் தேர்வை விடச் செய்முறையைத்தான் அதிகம் மாற்றியது. அமெரிக்காவில் அயனியல்லாத கான்ட்ராஸ்டுகளின் மருந்துக் குறிப்பில் இன்றும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: இவை சோதனைக் குழாயில் அயனி வகையை விடக் குறைவாகவே உறைதலைத் தடுக்கும், ரத்தம் சிரிஞ்சில் தொடர்ந்து மருந்தோடு இருந்தால் உறைந்ததாகத் தகவல் உண்டு, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் சிரிஞ்சு வைத்தால் அது குறையும், முழுவதும் போகாது. ரத்தக்கட்டிச் சிக்கல் இரண்டு வகையிலும் வந்திருக்கிறது என்பதையும் அதே குறிப்பு சொல்கிறது. ஐரோப்பிய யூரோஜெனிட்டல் கதிரியக்கச் சங்கமும் கிட்டத்தட்ட இதையே சொல்லி, கதீட்டர் வேலையில் நுணுக்கமான செய்முறைதான் முதல் பாதுகாப்பு என்கிறது. மருந்து குறைந்த அழுத்தம் உள்ளதாகவோ சம அழுத்தம் உள்ளதாகவோ இருக்கட்டும் என்று முடிக்கிறது.

செய்முறை என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ரத்தம் ஏறிய சிரிஞ்சை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, மாற்ற வேண்டும். கதீட்டரை ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் அடிக்கடி கழுவ வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் ஹெப்பாரின் போதுமா என்று ஏசிடி (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) பார்க்க வேண்டும். ஜிபி 2பி/3ஏ மருந்து இல்லாதபோது வழக்கமான இலக்கு 250 முதல் 300 நொடி. மூளைத் தமனி வேலையில் கதீட்டருக்குப் பின்னால் அழுத்தப் பையில் உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ரத்தம் பின்னால் ஏறவே விடாமல். இதெல்லாம் 1987க்கு முன்பும் பாடத்தில் இருந்தவைதான். ஆனால் மருந்தே கொஞ்சம் காப்பாற்றிய காலத்தில் கை சற்று அசந்தாலும் தெரியாமல் போனது.

சி.டி. ஸ்கேனுக்கு வரும் நோயாளிக்கு இந்த விவாதத்தால் பயப்பட எதுவும் இல்லை. ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர் டை ஏற்றுவதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் அதுதான் ஆபத்து. தட்டணு எண்ணிக்கை குறைந்தவருக்கும் அந்த ஒரு காரணத்துக்காக டையை மறுக்க வேண்டியதில்லை. முன்பு ஒவ்வாமை வந்ததா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்ற கேள்விகள்தான் அங்கே முதலில் வர வேண்டும்.

எண்ணிக்கையே விழும்போது

இதுவரை பேசியது தட்டணுக்களின் செயல்பாடு. எதிர்த்திசையில், மிக மிக அரிதாக, எண்ணிக்கையே சரிந்த தனித்தனி நோயாளிகளைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. கான்ட்ராஸ்ட் ஏற்றிய சில மணி நேரத்தில் எண்ணிக்கை 10,000க்கும் கீழே போய், சில நாளில் தானாகவே மேலே வந்துவிடும். மருந்து இருக்கும்போது மட்டும் தட்டணுவோடு ஒட்டும் எதிர்ப்பொருள்தான் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மறுபடி அதே மருந்தைக் கொடுத்தபோது மறுபடி விழுந்த கேஸ்களும் பதிவாகியிருக்கின்றன.

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த இரவில் லேபிலிருந்து இப்படி ஒரு எண்ணிக்கை வந்தால் டையைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. முதலில் அந்த எண்ணே உண்மையா? ஊதா மூடிக் குழாயில் உள்ள இடிடிஏ சிலரது தட்டணுக்களைக் கொத்தாகச் சேர்த்துவிடும். இயந்திரம் கொத்தை ஒன்றாக எண்ணி, எண்ணிக்கை குறைவு என்று காட்டும். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் கொத்து தெரிந்துவிடும். நீல மூடிக் குழாயில் சிட்ரேட்டில் எடுத்து மறுபடி எண்ணலாம். சிட்ரேட் திரவமாக இருப்பதால் கிடைத்த எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். எண் உண்மை என்றால் அடுத்த சந்தேகம் அப்சிக்சிமாப், டிரோஃபிபான், எப்டிஃபிபடைட் போன்ற ஜிபி 2பி/3ஏ மருந்துகள் மேல். இவையும் சில மணி நேரத்திலேயே எண்ணிக்கையைத் தள்ளும், கான்ட்ராஸ்டை விட இவற்றில் இது மிகவும் அதிகம். ஹெப்பாரினால் வரும் சரிவு சாதாரணமாக ஐந்து முதல் பத்து நாளில் தெரியும். அண்மையில் ஹெப்பாரின் போட்டவராக இருந்தால் ஒரே நாளிலும் வரலாம். அதில் ரத்தக்கசிவை விட ரத்தக்கட்டிதான் பெரிய பயம், ஆகவே அதைத் தவறவிடக் கூடாது.

இவை எல்லாம் விலகி, கான்ட்ராஸ்ட்தான் காரணம் என்று தோன்றினால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டை அலர்ஜி' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடக் கூடாது. ஐயோஹெக்சாலா, ஐயோபமிடாலா, ஐயோடிக்சனாலா என்று மருந்தின் பெயரையும் அளவையும், எண்ணிக்கை எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு விழுந்தது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான நோயாளிகளுக்குத் தங்களுக்கு எந்த டை ஏற்றினார்கள் என்பது தெரியாது. ஃபார்மசி பில்லில் மட்டும்தான் அந்தப் பெயர் இருக்கும், அதை ஆறு மாதம் கழித்து யாரும் வைத்திருப்பதில்லை.